காலடிப்பேட்டையிலிருந்து ஜெனோவாவுக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எனக்கு 48 வயது. மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. பையனுக்குப் போன தை மாதம் கல்யாணம் முடித்து, கோயம்புத்தூரில் குடித்தனம் வைத்துவிட்டு வந்தேன். இத்தாலியை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே ஆசை. அதற்காகவே சீட்டு கட்டிப் பணம் சேர்த்திருக்கிறேன். டிராவல்ஸில் கேட்டால் ஆறு நாளில் ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ், மிலான் என்று குரூப் டூர் சொல்கிறார்கள். எனக்கோ ஒரே ஊரில் தங்கி, என் இஷ்டத்துக்கு நடந்து பார்க்க வேண்டும். தனியாகத்தான் போகிறேன். எந்த ஊருக்குப் போகலாம்? போய் இறங்கும் அந்த முதல் நாளை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. செவ்வாய், வெள்ளி கவுச்சி தொட மாட்டேன்.
– வாசகி, காலடிப்பேட்டை

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சீட்டு கட்டிச் சேர்த்த காசு என்பதால் இன்னும் அக்கறையாகச் சொல்கிறேன், ஆறு நாளில் நாலு ஊர் வேண்டாம். பாதி நேரம் பஸ்ஸிலும் பெட்டி கட்டுவதிலும் போய்விடும், மீதி நேரம் கொடி பிடித்தவர் பின்னால் ஓடுவதில் போய்விடும். ஒரே ஊர் என்று நீங்கள் முடிவு செய்ததுதான் சரி.

நான் சொல்லும் ஊர் ஜெனோவா. இத்தாலியின் வடமேற்கில், லிகூரியா மாகாணத்தின் தலைநகர், பெரிய துறைமுகம். நான் பிறந்து வளர்ந்தது ராயபுரம். தனியாக நான் போன முதல் வெளிநாட்டு ஊரும் ஜெனோவாதான், அப்போது எனக்கு 55 வயது. துறைமுகத்தை ஒட்டி வளர்ந்தவர்களுக்கு அந்த ஊர் சீக்கிரம் பிடிபடும். கடல் எந்தப் பக்கம் என்று உடம்புக்கே தெரியும், அந்தப் பக்கம் இறங்கினால் கப்பல், எதிர்ப்பக்கம் ஏறினால் மலை, இதற்கு மேல் அங்கே வழி தெரிய வேண்டிய அவசியமில்லை. வெனிஸ் அளவுக்குக் கூட்டமும் கிடையாது, வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும்தான் தெருவை நிறைத்திருப்பார்கள்.

முதலில் பயணம். சாயங்காலமோ இரவோ மீனம்பாக்கத்தில் ஏறி, துபாய் அல்லது தோஹா வழியாக மறுநாள் காலையில் மிலான் மல்பென்சாவில் இறங்கும்படி டிக்கெட் பாருங்கள். அங்கிருந்து மிலான் சென்ட்ரலேவுக்கு ரயில், கிட்டத்தட்ட 50 நிமிடம். சென்ட்ரலேவில் மாறினால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் ஜெனோவா. ஜெனோவாவிலேயே விமான நிலையம் உண்டு, அதன் குறியீடு ஜி.ஓ.ஏ. நம் கோவாவுக்கு ஜி.ஓ.ஐ., ஜி.ஓ.எக்ஸ். என்று இரண்டு குறியீடுகள். ஆன்லைனில் டிக்கெட் தேடும்போது இதில் குழம்பிவிடாதீர்கள்.

ஷெங்கன் என்பது இத்தாலியும் சேர்ந்த, ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. முதன்முதலாக அதன் எல்லைக்குள் போகிறவர்களை முகப் படம் எடுத்து, விசாவுக்குக் கொடுத்த கைரேகையோடு சரிபார்க்கிறார்கள், 2025 அக்டோபரில் தொடங்கிய ஏற்பாடு இது, வரிசை மெதுவாகத்தான் நகரும். அதனால் மிலான்–ஜெனோவா ரயிலுக்கு நேரம் மாற்ற முடியாத சலுகை டிக்கெட்டை முன்கூட்டியே வாங்காதீர்கள். விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் காசு போச்சு. இறங்கிய பிறகு ஸ்டேஷனில் வாங்கிக்கொள்ளலாம். ரெஜோனாலே என்ற சாதாரண ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடை அருகே இருக்கும் சின்ன மெஷினில் அதை நுழைத்து முத்திரை குத்த வேண்டும். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்தானே என்று குத்தாமல் ஏறினால் அபராதம் போடுவார்கள். எனக்குத் தெரியாது என்று சொன்னாலும் விடுவதில்லை.

ஜெனோவாவில் பெரிய ஸ்டேஷன்கள் இரண்டு. மிலானிலிருந்து வரும்போது முதலில் வருவது பியாட்சா பிரின்சிபே, அடுத்தது பிரிஞ்ஞோலே. நீங்கள் பிரின்சிபேயில் இறங்குங்கள். அறையும் அங்கிருந்து நடக்கும் தூரத்தில், பெரிய தெருவைப் பார்த்தாற்போல் எடுங்கள். பால்பி தெரு நல்ல இடம், பல்கலைக்கழகம் அந்தத் தெருவில்தான், நாள் முழுக்கப் பிள்ளைகள் நடமாட்டம் இருக்கும்.

வெளியே வந்ததும் எதிரே கொலம்பஸ் சிலை. அவர் ஜெனோவாக்காரர். இந்தியாவுக்குப் போகிறேன் என்று கிளம்பி நம்மைத் தவறவிட்டவரின் ஊருக்கு நாம் நேராகப் போய்ச் சேர்கிறோம். சிலைக்குக் கீழே நின்றபோது எனக்கு இதுதான் தோன்றியது, அதுவரை நெஞ்சில் இருந்த படபடப்பும் கொஞ்சம் இறங்கியது.

இப்போது நான் மிகவும் வலியுறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாள் மதியம் தூங்கவே தூங்காதீர்கள், எந்த மியூசியத்துக்கும் அன்றைக்கு டிக்கெட் போடாதீர்கள். இதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். அறைக்குப் போனதும் அஞ்சு நிமிடம் என்று படுத்தேன், மணி மூன்று இருக்கும். கண் விழித்தபோது இரவு பத்தரை. நம் ஊரில் அப்போது விடியற்காலை இரண்டு மணி, யாருக்கும் போன் செய்ய முடியாது. வெளியே போய்ச் சாப்பாடு தேட தைரியம் வரவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன முறுக்கைக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தின்றேன், அழுகை வந்தது, எதற்கு வந்தோம் என்று நினைத்தேன், பிறகு விடியும்வரை தூக்கம் வரவில்லை. இரண்டாம் நாளும் அதில் பாதி போயிற்று. ஊர் மேல் எந்தத் தப்பும் இல்லை. உடம்பு இன்னும் சென்னை நேரத்தில் இருந்தது, அதைப் படுக்கையில் போட்டது என் தப்பு. கோடையில் இத்தாலி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி நேரம் பின்னால். அங்கே மாலை ஆறு மணிக்கு உங்கள் உடம்பு ராத்திரி ஒன்பதரை என்று சொல்லும். அதை ஒன்பது, ஒன்பதரை வரைக்கும் இழுத்துப் பிடித்துவிட்டால் மறுநாள் காலையில் நீங்கள் அந்த ஊர் மனுஷி.

எப்படி இழுத்துப் பிடிப்பது? நடந்துதான். சும்மா நடக்கச் சொன்னால் உங்களுக்குப் பயமாக இருக்கும், அதனால் ஒரு வழி சொல்கிறேன்.

ஹோட்டலில் அறை கொடுப்பது பெரும்பாலும் மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான். முன்னாலேயே போய்விட்டால் பெட்டியை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், வைத்துக்கொள்வார்கள். பாஸ்போர்ட் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். தங்குபவர்களின் விவரத்தைப் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம், பதிந்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். நகரத்துக்கான தங்கும் வரி என்று ஒரு சின்னத் தொகையைத் தனியாகக் கேட்பார்கள், அதுவும் சட்டப்படிதான்.

கையில் சின்னப் பையோடு பால்பி தெருவில் இறங்கி நடங்கள். இரண்டு பக்கமும் அரண்மனைகள். இந்த வீடுகளின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அக்காலத்தில் ஜெனோவா தனிக் குடியரசு, ராஜா கிடையாது, அதனால் விருந்தாளியாக வரும் அரசர்களையும் தூதர்களையும் தங்கவைக்க அரண்மனையும் கிடையாது. பணக்காரக் குடும்பங்களின் வீடுகளைப் பட்டியல் போட்டு, சீட்டுக் குலுக்கி, யார் வீடு வருகிறதோ அவர்கள் விருந்தாளியை ஏற்க வேண்டும் என்று 1576-இல் சட்டமே கொண்டுவந்தார்கள். அந்தப் பட்டியலுக்கு ரொல்லி என்று பெயர். அப்படிப்பட்ட அரண்மனைகளில் 42-ஐ யுனெஸ்கோ 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வாசல் திறந்திருந்தால் எட்டிப் பாருங்கள். முற்றமும் படிக்கட்டும் மட்டுமே அரை மணி நேரம் உங்களை நிறுத்திவைக்கும்.

பசித்திருக்கும். பேக்கரியில் ஃபொக்காச்சா வாங்குங்கள். ஒரு விரல் தடிமனுக்குத் தட்டையான ரொட்டி, ஆலிவ் எண்ணெயும் கல் உப்பும் மேலே குழி குழியாகத் தேங்கியிருக்கும். ஜெனோவாக்காரர்கள் காலையில் இதைக் கப்புச்சினோவில் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். எண்ணெய் ரொட்டியைக் காபியிலா என்று முகம் சுளிக்காதீர்கள், நாம் டீயில் பொறையைத் தோய்த்துத் தின்றவர்கள்தானே. எனக்கு இரண்டாம் நாளே பழகிவிட்டது.

அப்புறம் கடல் பக்கமாக இறங்கினால் கருஜ்ஜி. பழைய ஊரின் சந்துகளுக்கு அங்கே அதுதான் பெயர். ஆறு, ஏழு மாடி வீடுகள் இரண்டு பக்கமும் நெருக்கி நிற்க, நடுவில் வானம் ஒரு கயிறு மாதிரி தெரியும், ஜன்னலுக்கு ஜன்னல் துணி காயும், கீழே மளிகை, மீன், செருப்பு ரிப்பேர், போன் ரிப்பேர். மண்ணடியில் தினமும் நடப்பவர் நீங்கள், எந்தச் சந்து எங்கே போய் முட்டும் என்று தெரியாமலேயே நடக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறது. மூலைக்கு மூலை சுவரில் மாடம் அமைத்து மாதா சொரூபம் வைத்திருப்பார்கள். ராயபுரத்தில் தெருமுனைகளில் மாதா கெபி பார்த்து வளர்ந்த எனக்கு, அவற்றைப் பார்த்ததும் யாரோ தெரிந்தவர் நிற்பது மாதிரி இருந்தது. வழி தவறினால் பயப்பட வேண்டாம், சரிவில் கீழே இறங்கிக்கொண்டே இருங்கள், துறைமுகம் வந்துவிடும்.

துறைமுகத்தை ஒட்டி சொத்தோரீபா என்று ஒரு நீண்ட பழைய வளைவு மண்டபம், இடைக்காலத்தில் கட்டியது, அதன் நிழலில் வரிசையாகக் கடைகள். பொரித்த மீன் வாசனையும் மசாலா வாசனையும் பல நாட்டுப் பேச்சும் சேர்ந்து பர்மா பஜார் ஞாபகம் வந்துவிடும். எதிரே சுவர் முழுக்க ஓவியம் தீட்டிய சான் ஜோர்ஜோ மாளிகை. 1260-இல் கட்டியது, இன்று துறைமுக நிர்வாகத்தின் அலுவலகம். மார்க்கோ போலோ ஜெனோவாக்காரர்களிடம் போர்க் கைதியாக மாட்டியபோது அடைபட்டிருந்தது இங்கேதான் என்று ஊரில் சொல்கிறார்கள். சிறையில் கூட இருந்த ருஸ்திகெல்லோ என்பவரிடம் அவர் சொல்லச் சொல்ல எழுதியதுதான் அந்தப் பயணக் கதை. அதில் நம் கரையைப் பற்றி, மாபார் என்ற பெயரில், முத்துக் குளிப்பதையும் புனித தோமா கல்லறையையும் சொல்லியிருக்கிறார். மயிலாப்பூர்க் கல்லறையைப் பற்றி ஜெனோவா சிறையில் உட்கார்ந்து ஒருவர் பேசியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே அங்கே ஒரு திட்டில் உட்கார்ந்திருந்தேன். சான் ஜோர்ஜோ என்றால் புனித ஜார்ஜ். ஜெனோவாவின் கொடி வெள்ளையில் சிவப்புச் சிலுவை, அது அவருடையது. நம் ஜார்ஜ் கோட்டையும் அதே ஜார்ஜ்தான்.

அங்கிருந்து மேலே ஏறினால் சான் லொரென்சோ பேராலயம், கறுப்பு வெள்ளைப் பட்டையாகக் கல் அடுக்கியது. பல தேவாலயங்கள் மதியத்தில் மூடியிருக்கும், நாலு மணிக்கு மேல் போங்கள், தோள் மறையும் துணி போடுங்கள். உள்ளே வலப்பக்கம் ஒரு பெரிய பீரங்கிக் குண்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1941 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் ஜெனோவாவைச் சுட்டபோது ஆலயத்துக்குள் வந்து விழுந்து வெடிக்காமல் கிடந்த குண்டு. அதன் முன் ரொம்ப நேரம் நின்றேன். 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மன் கப்பல் எம்டன் நம் துறைமுகத்தைச் சுட்டு, எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த கதையைக் கேட்டுத்தானே நாம் வளர்ந்தோம். ஹைகோர்ட் மதிலில் இன்னும் கல்வெட்டு இருக்கிறது, பொல்லாத ஆளை எம்டன் என்று இன்றும் சொல்கிறோம். கடலிலிருந்து குண்டு வந்து விழுந்த ஊர்க்காரர்களுக்கு அதைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

கடைசியாக, வெளிச்சம் போவதற்கு முன் பியாட்சா போர்தெல்லோவுக்குப் போய், சுரங்க நடைபாதை வழியாக லிஃப்ட் பிடித்து காஸ்தெல்லெத்தோ ஏறுங்கள். நூறு வருடத்துக்கு மேலாக ஓடும் லிஃப்ட், ஊர்க்காரர்கள் பஸ்ஸில் போவது போல அதில் வீட்டுக்குப் போகிறார்கள். மேலே போனால் சாம்பல் நிறக் கல் ஓடு வேய்ந்த கூரைகள் ஒன்றன் மேல் ஒன்றாக, அதற்கப்பால் கிரேன்கள், கப்பல்கள், மேற்கே லாந்தெர்னா கலங்கரை விளக்கம். ஜூனில் சூரியன் மறையவே இரவு ஒன்பது தாண்டிவிடும். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து பையனுக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள். இறங்கி, ஏதாவது சாப்பிட்டு, அறைக்குப் போய்ப் படுங்கள். முதல் நாளுக்கு இது போதும். கரிபால்டி தெரு மியூசியங்களும், அங்கே வைத்திருக்கும், வயலின் மேதை பகனினி வாசித்த 1743-ஆம் வருட வயலினும், போக்காதாஸ்ஸே என்ற மீனவர் குப்பமும் மறுநாளுக்கு. போக்காதாஸ்ஸேவில் கூழாங்கல் கரை, கரையில் ஏற்றிப் போட்ட படகுகள், மஞ்சளும் ரோஸும் அடித்த வீடுகள். காசிமேட்டுக் கண்ணுக்கு அது ரொம்பச் சின்னது, ஆனாலும் போங்கள்.

விசாவுக்குச் சுருக்கமாக: பெரியவர்களுக்கு ஷெங்கன் கட்டணம் 90 யூரோ, அதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயணக் காப்பீடு வேண்டும். கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் வாங்க மாட்டார்கள். சீட்டுப் பணத்தை எடுத்துக் கடைசி வாரத்தில் மொத்தமாக பேங்கில் போடாதீர்கள், சில மாதம் முன்னாலேயே கணக்கில் இருக்கட்டும், எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதமும் இருக்கட்டும்.

கேள்வி: அம்மா முதல் முறையாகத் தனியாக ஐரோப்பா போகிறார். ஜெனோவாவில் இரண்டு இரவு தங்குகிறார். துறைமுக ஊர் என்றால் ரவுடித்தனம் இருக்கும் என்று என் வீட்டுக்காரர் பயமுறுத்துகிறார். அம்மாவைத் தடுக்கவும் மனம் வரவில்லை.
– வாசகி, புது வண்ணாரப்பேட்டை

பதில்: தடுக்காதீர்கள். துறைமுக ஊர் என்றால் ரவுடித்தனம் என்ற பேச்சை வடசென்னைக்காரர்களாகிய நாம் எவ்வளவு கேட்டிருப்போம், அதையே இன்னொரு ஊரைப் பார்த்து நாம் சொல்ல வேண்டாம். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம் என்றும் சொல்ல மாட்டேன். ஜெனோவாவின் பழைய சந்துகளில், குறிப்பாக பிரே தெருவிலும் மத்தலேனா பக்கத்திலும் இருட்டிய பிறகு ஆள் நடமாட்டம் வேறு மாதிரி இருக்கும். பகலில் தாராளமாகப் போகலாம். கடை சாத்திய பிறகு பால்பி, கரிபால்டி, சான் லொரென்சோ மாதிரி பெரிய தெருவிலேயே நடக்கச் சொல்லுங்கள், கொஞ்சம் சுற்றுதான், பரவாயில்லை.

நிஜமான தொந்தரவு பிக்பாக்கெட். மிலான் சென்ட்ரலே ஸ்டேஷனில் டிக்கெட் மெஷின் பக்கத்தில் உதவி செய்கிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லி நகர்ந்துவிட வேண்டும். பெட்டியை ரயிலில் ஏற்றித் தருகிறேன் என்று கை வைப்பவர்களிடமும் அப்படித்தான். பணம் இரண்டு இடத்தில், கார்டு இரண்டு இடத்தில். பாஸ்போர்ட் முதல் பக்கமும் விசாப் பக்கமும் நகலெடுத்துப் பெட்டியில் ஒன்று, உங்கள் வாட்ஸ்அப்பில் ஒன்று. கழுத்தில் தாலிச் சரடு போட்டிருந்தால் மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு போகலாம், நான் பார்த்த பல அம்மாக்கள் அப்படித்தான் செய்கிறார்கள். எந்த ஆபத்துக்கும் எண் 112, போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு எல்லாவற்றுக்கும் அதுதான்.

கிளம்பும் முன் போனில் வெளிநாட்டு பேக் போட்டு, லொகேஷனை உங்களுக்குப் பகிரும்படி வைத்துக் கொடுங்கள். ஆனால் மணிக்கு ஒரு தரம் போன் போட்டு எங்கே இருக்கிறாய் என்று கேட்காதீர்கள், அது அம்மாவின் பயத்தைத்தான் கூட்டும். அவருக்கு இரவு எட்டு மணி என்றால் கோடையில் உங்களுக்கு பதினொன்றரை. ஒரு நேரம் பேசிவைத்து, அந்த நேரத்தில் மட்டும் பேசுங்கள். சார்ஜருக்கு வட்டமான இரண்டு மெல்லிய முனை உள்ள அடாப்டர் வேண்டும், நம் மூன்று முனை பிளக் அங்கே நுழையாது. பாரிமுனையில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: நான் சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் ஜெனோவாவில் கப்பல் நிற்கும், எனக்கு ஆறு மணி நேரம் கிடைக்கலாம். என்ன பார்ப்பது?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தம்பி, உங்களுக்கு லாந்தெர்னாவும் கலாத்தா கடல் மியூசியமும்தான். லாந்தெர்னா இப்போது நிற்கும் வடிவில் 1543-இல் கட்டப்பட்டது, கோபுரம் 77 மீட்டர், இன்றும் எரிகிறது. ஏறிப் பார்க்க அனுமதிக்கும் நாட்கள் மாறும், அதனால் போகும் முன் நேரம் பாருங்கள். கலாத்தாவில் துடுப்பு போட்டு ஓட்டிய, ‘கேலி’ (galley) என்ற பழைய வகைக் கப்பலை முழு அளவில் செய்து வைத்திருக்கிறார்கள், வாசலில் தண்ணீரிலேயே நசாரியோ சௌரோ என்ற நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது, உள்ளே இறங்கலாம். எஞ்சின் ரூம்காரர் நீங்கள், அதை நாங்கள் பார்ப்பதைவிட வேறு கண்ணால் பார்ப்பீர்கள். பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறிய இத்தாலியர்களைப் பற்றி மேல் மாடியில் ஒரு பெரிய பகுதி உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். பக்கத்திலேயே பழைய துறைமுகம். 1992-இல் கொலம்பஸ் பயணத்தின் 500-ஆம் ஆண்டுக்காக, அதே ஊர்க்காரரான கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ, மூடிக்கிடந்த இடத்தைத் திருத்தி ஊர்மக்கள் காலாற நடக்கும்படி மாற்றிக் கொடுத்தார். நம் துறைமுகத்திலும் மதிலுக்கு அந்தப் பக்கம் நாலு பேர் போய் உட்கார ஒரு இடம் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று ஏங்கிவிட்டேன்.

ஒரு விஷயம் உங்கள் கூட்டாளிகளுக்குச் சொல்லுங்கள். ஜெனோவாவைப் பிரெஞ்சில் ழேன் என்பார்கள், அந்தப் பெயரிலிருந்துதான் ஜீன்ஸ் என்ற சொல் வந்தது. எம்.சி. ரோட்டில் பேரம் பேசி வாங்கிய ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு அந்தத் துறைமுகத்தில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஷோர் பாஸை மறக்க வேண்டாம், கப்பலுக்குத் திரும்பும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கேட் பக்கம் வந்துவிடுங்கள்.

கேள்வி: நான் வெளியூர் போனால் ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிடக் கூச்சப்பட்டு, பிஸ்கட் வாங்கி ரூமில் தின்றுவிடுவேன். இத்தாலியிலும் அப்படித்தான் ஆகப் போகிறது. நான் சுத்த சைவம்.
– வாசகி, சௌகார்பேட்டை

பதில்: இந்தக் கூச்சம் எனக்கும் இருந்தது, அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். பார் என்று போர்டு போட்டிருப்பதைப் பார்த்துப் பயந்து விலகாதீர்கள், அங்கே பார் என்றால் காலையில் காபி குடிக்கும் கடை. நம் டீக்கடை மாதிரி நின்றுகொண்டே குடிக்கிறார்கள், நின்று குடித்தால் விலையும் குறைவு. வயதானவர், போலீஸ்காரர், கல்லூரிப் பெண் எல்லோரும் தனித்தனியாகத்தான் நிற்கிறார்கள், யார் தனி, யார் கூட்டம் என்று யாரும் பார்ப்பதில்லை. முதல் நாள் அங்கிருந்து தொடங்குங்கள்.

மதியத்துக்கு ஃபரினாட்டா. உங்களுக்காகவே செய்த பண்டம் என்று சொல்வேன். கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, வேறொன்றும் இல்லை. கரைத்துப் புளிக்காமல் சில மணி நேரம் ஊறவைத்து, அகலமான செம்புத் தட்டில் ஊற்றி, விறகு அடுப்புக்குள் தள்ளிச் சுடுகிறார்கள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று இருக்கும், மிளகுத் தூள் தூவித் தருவார்கள். சூடு ஆறுவதற்குள் தின்ன வேண்டும். சந்துகளில் இதற்கென்றே வெள்ளை ஓடு பதித்த பழைய சின்னக் கடைகள் இருக்கின்றன, காகிதத்தில் வாங்கி நடந்துகொண்டே தின்னலாம், மேசையே வேண்டாம். சில கடைகளில் அதன் மேல் நெத்திலி மாதிரி சின்ன மீன் போட்டும் செய்வார்கள், அதனால் கேட்டு வாங்குங்கள். காலடிப்பேட்டைச் சகோதரிக்கும் செவ்வாய், வெள்ளிக்கு இதுதான் என் பதில்.

பெஸ்டோ பிறந்த ஊர் ஜெனோவா. துளசிக் குடும்பத்து பேசில் இலை, பைன் கொட்டை, பூண்டு, ஆலிவ் எண்ணெய், சீஸ் எல்லாம் சேர்த்துக் கல் உரலில் இடித்த துவையல். உருளைக்கிழங்கும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்த பாஸ்தாவோடு பிசைந்து தருகிறார்கள். சுத்த சைவம் என்றால் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும், பெஸ்டோவில் போடும் பார்மிஜானோ சீஸைக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட்டால்தான் உறையவைக்கிறார்கள். அது உங்களுக்கு ஆகாது என்றால், சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ என்று சொல்லுங்கள், சீஸ் வேண்டாம் என்று அர்த்தம். பெஸ்டோவை முன்பே இடித்து வைத்திருந்தால் சீஸைப் பிரித்துத் தர முடியாது, அப்போது தக்காளிச் சாறு பாஸ்தா கேளுங்கள்.

இரவுச் சாப்பாட்டுக் கடைகள் ஏழு, ஏழரைக்கு முன் திறக்காது, மதியம் இரண்டரைக்கு மேல் பல கடைகளில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். திறந்ததும் முதல் ஆளாகப் போங்கள். பாதி மேசை காலியாக இருக்கும், கூச்சமும் குறையும், பரிமாறுகிறவருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்கும். வாசலில் ஒரு விரலைக் காட்டி, பெர் ஊனா என்றால் ஒருவருக்கு என்று புரிந்துகொள்வார். சுவர் ஓர மேசை கேளுங்கள், முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை என்றால் நிம்மதியாகச் சாப்பிட வரும். பில்லில் கொபெர்த்தோ என்று ஒன்றிரண்டு யூரோ சேர்ந்திருக்கும், உட்கார்ந்ததற்கும் ரொட்டிக்குமான வழக்கமான தொகை அது, ஏமாற்று இல்லை. சாப்பிட்டு முடித்த பிறகும் யாரும் வந்து எழுப்ப மாட்டார்கள், நீங்கள் கேட்கும்வரை பில்லும் வராது. நான் முதலில் அரை மணி நேரம் காத்திருந்தேன், பக்கத்து மேசை அம்மா ஒருவர் சிரித்துக்கொண்டே எனக்காகக் கையைத் தூக்கி, இல் கோன்தோ என்று கேட்டுக் கொடுத்தார்.